சீட்டின் பின்பக்கம்

என் மனைவியின் காரியங்கள் முடிந்து, தாராவியிலிருந்தும் வடாலாவிலிருந்தும் வந்திருந்த சொந்தக்காரர்கள் திரும்பிப் போன மறுநாள், நான் அவளுடைய பூச்சிப் பெட்டிகளைத் திறந்தேன். செம்பூரில் எங்கள் வீட்டின் உள்ளறையில், சேலைகள் இருக்க வேண்டிய இரும்பு பீரோவில், பதினான்கு மரப்பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஊசியில் குத்திய பூச்சிகள் வரிசையாக நின்றன. அந்த பீரோவின் பாச்சா உருண்டை வாசனை என் சட்டைகளிலும் ஏறி, ஆபீசில் என் பக்கத்து நாற்காலிக்காரர் இருபது வருஷம் என்னைக் கேலி செய்தார்.

அவள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பூச்சி ஆராய்ச்சிக்கென்று பட்டம் எதுவும் வாங்கியவள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சமையலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டு, தோளில் பையும் கையில் வலையுமாக டிராம்பே பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். மற்ற வீட்டுப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா கோயிலுக்குப் போவார்கள். இவள் குன்றடியில் வெயிலில் குந்தி உட்கார்ந்து மண்ணைப் பார்ப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் ஊர் வாய் அவள் பூச்சியையும் அதோடு சேர்த்துத்தான் பேசியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது, ஊர்மீதும் அவள்மீதும்.

உயிர்களை எப்படி வகை பிரிக்கிறார்கள் என்பதை அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது சமையலறையில்தான். ஒரு நாள் கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய் நான்கையும் மேடையில் வரிசையாக வைத்து, "இது நாலும் ஒரே குடும்பம், தெரியுமா?" என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சு காய்கறியில ரெண்டே குடும்பம்தான். சாம்பாருக்குப் போறது, பொரியலுக்குப் போறது" என்றேன்.

"அது உங்க வயித்தோட கணக்கு. செடியோட கணக்கு வேற. காயைப் பாக்கக் கூடாது, பூவைப் பாக்கணும். நாலு பூவும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும்."

பிறகு அவளே சொன்னாள். நிறம், உருவம், அளவு எல்லாம் ஏமாற்றும். மேல்பார்வைக்கு ஒன்றாக இருப்பவை வேறாக இருக்கும், வேறாகத் தெரிபவை ஒன்றாக இருக்கும். குடும்பத்துக்குள் பேரினம், பேரினத்துக்குள் சிற்றினம் என்று பிரித்துக்கொண்டே போனால், கடைசியில் எதோடு எது கூடிக் குஞ்சு பொரிக்கிறது என்பதில்தான் வந்து நிற்கும். நான் உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே கேட்டேன். பாதி கேட்டேன் என்பதுதான் சரி.

அவள் சேர்த்தவற்றில் முக்கால்வாசி ஒரே மாதிரிப் பூச்சிகள். பார்த்தால் எறும்பு என்றுதான் யாரும் சொல்வார்கள். உடம்பெல்லாம் பட்டுத் துணி போல் மயிர், கறுப்பும் செம்பழுப்புமாக, மேலே வெள்ளைப் புள்ளிகள். ஆனால் அது எறும்பு இல்லை, குளவி. பெண்ணுக்குச் சிறகு கிடையாது, மண்ணில் ஓடித் திரியும். கொட்டினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஆணுக்குச் சிறகு உண்டு, கொடுக்கு கிடையாது. நிறமும் வேறு, உருவமும் வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சம்பந்தமே இருக்காது.

அதனால் பழைய காலத்து விஞ்ஞானிகள் ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு ஒரு பெயருமாக வைத்து, இரண்டு இனம் என்று எழுதிவிட்டார்களாம். இன்றைக்கும் பெண் மட்டுமே தெரிந்த இனங்கள் உண்டு. அதன் ஆண் எங்கோ வேறு பெயரில் பறந்துகொண்டிருக்கும், அல்லது பெயரே இல்லாமல். இரண்டும் ஒன்றுதான் என்று பார்த்தே நிரூபிக்க வேண்டுமானால், இரண்டும் இணைந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். அது லேசில் வாய்க்காது.

"இதுங்களைப் பாத்து யாரும் ஜோடின்னு சொல்ல மாட்டாங்க" என்றாள்.

"நம்மளைப் பாத்தும்தான்" என்றேன். நான் ஒட்டடைக் குச்சி, அவள் குள்ளம். அவள் சிரித்தாள். அன்றைக்கு அவளை நான் சிரிக்க வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அடிக்கடி செய்தவன் இல்லை.

ஒவ்வொரு ஊசியிலும் பூச்சிக்குக் கீழே கைவிரல் நகம் அளவுக்கு ஒரு சீட்டு கோத்திருக்கும். பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர். அவள் அதை மெல்லிய பேனாவால் எறும்பு ஊர்ந்தது போல் எழுதியிருந்தாள். பாதிச் சீட்டுகள் பழுப்பேறி, சில இடங்களில் மை பரவி இருந்தன. பெட்டிக்குள் வரிசையும் எனக்குப் புரியவில்லை. சிறகுள்ளதும் இல்லாததும் கலந்து, பெரியதும் சிறியதும் கலந்து, வீடு மாற்றும்போது சாமான் அடுக்கியது போல் இருந்தது.

நான் துறைமுக ஆபீசில் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவன். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம். அடித்தல் திருத்தலோடு வரும் குறிப்பைப் பார்த்து ஃபேர் காப்பி எடுப்போம், ஒப்பிட்டுச் சரிபார்ப்போம், சரியாக இருந்தால் பழையதைக் கிழித்துவிடுவோம். இரண்டு பிரதி இருந்தால் குழப்பம். என் ஃபேர் காப்பியில் பிழை கண்டுபிடித்தவர் கிடையாது.

வீட்டில் எனக்குச் செய்ய வேறு வேலை இல்லை. பேச ஆள் இல்லை. அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரத்தது. ஒரு மாதம் உட்கார்ந்து அத்தனை சீட்டுகளையும் கம்ப்யூட்டரில் அடித்தேன். சின்ன எழுத்தில், கெட்டித் தாளில் அச்செடுத்து, கத்தரித்து, ஒவ்வொரு ஊசியாக உருவி, பழைய சீட்டைக் கழற்றிப் புதியதைக் கோத்தேன். ஒரு இடம், ஒரு தேதி தப்பில்லை. இரண்டு தடவை ஒப்பிட்டேன். சிறகுள்ளவற்றைச் சில பெட்டிகளிலும் சிறகில்லாதவற்றை மற்றப் பெட்டிகளிலும் அளவுவாரியாக அடுக்கினேன். கழற்றிய பழைய சீட்டுகள் உமி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பையில் சேர்ந்தன. மறுநாள் காலை குப்பை வண்டியில் போட்டேன். பெட்டிகளை வரிசையாக வைத்து, கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தேன். முதல் தடவையாக அவை எனக்கு அழகாகத் தெரிந்தன. உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அரை டம்ளர் அரிசி வைத்தாலும் மிஞ்சியது. மாட்டுங்காவுக்குப் போய் வாழைப்பூ வாங்கி வருவேன், அதை ஆய ஆளில்லாமல் கறுத்துப் போகும். வாட்ச்மேனிடம் இந்தியில் இரண்டு வார்த்தை, பால்காரரிடம் ஒரு வார்த்தை. சில நாள் சாயந்தரம் வாயைத் திறந்தால் குரல் கம்மி வரும், காலையிலிருந்து பேசவே இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் தனியாக இருந்து பார்க்காதவர்கள்.

போன வருஷம் மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு பெண் போன் செய்தாள். பூச்சியியலில் ஆராய்ச்சி செய்கிறாள், பாண்டுப்பில் வீடு, அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். என் மனைவி கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஒரு பேராசிரியரின் மாணவி. "ஆன்ட்டியோட கலெக்ஷனைப் பாக்கலாமா அங்கிள்?" என்றாள். வாம்மா என்று சொன்ன பிறகு, வீட்டைக் கூட்டித் துடைத்தேன்.

இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தமிழ் பேசுவாள், பாதி இந்தி கலந்து. தமிழ் படிக்க வராது. காபியைக்கூடத் தொடாமல் பெட்டிகளைத் திறக்கச் சொன்னாள். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தபோது அவள் முகம் என் மனைவியின் முகம் மாதிரியே ஆயிற்று, அந்த வாய் லேசாகத் திறந்த நிலை. எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அவள் சீட்டைப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள்.

"அங்கிள், இது எல்லாம் பிரிண்ட் பண்ணது. பழைய லேபிள் எங்க?"

"நான்தாம்மா அடிச்சேன். எல்லாம் மங்கிப் போயிருந்துச்சு. ஒரு எழுத்து தப்பிருக்காது, நீ வேணா பாரு."

"அது ஓகே. மத்லப், அதாவது, பழசு எங்க வச்சிருக்கீங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் பூதக்கண்ணாடியை மடியில் வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். மெதுவாக விளக்கினாள். இந்தத் துறையில் ஊசியிலிருந்து ஒரு சீட்டையும் கழற்றக் கூடாது. அழுக்கானாலும், கிழிந்தாலும், எழுதியது தப்பே ஆனாலும் அது அங்கேயே இருக்கும். பின்னால் வருகிறவர் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டுமானால், தன் பெயரும் தேதியும் போட்டு அதற்குக் கீழே இன்னொரு சீட்டைக் கோப்பார். நூறு வருஷத்துப் பூச்சிக்குக் கீழே நாலைந்து சீட்டுகள் தொங்கும். முந்தியவர் ஏன் அப்படி நினைத்தார் என்று அடுத்தவருக்குத் தெரிய வேண்டுமாம்.

பிறகு போனில் ஒரு மின்னஞ்சலைக் காட்டினாள். என் மனைவி, இறப்பதற்கு எட்டு மாதம் முன்பு, பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் எழுதியது. டிராம்பே குன்றடியில் ஒரு ஜோடியை இணைந்த நிலையில் பிடித்துவிட்டேன், இந்தப் பெண்ணின் ஆண் இதுவரை யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன், இரண்டையும் பெட்டியில் பக்கத்தில் வைத்திருக்கிறேன், சேர்ந்து பிடித்ததை இரண்டு சீட்டின் பின்பக்கமும் எழுதியிருக்கிறேன், பரீட்சைத் தாள் திருத்தி முடித்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன். படம் அனுப்பவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

சீட்டின் பின்பக்கம். நான் திருப்பிப் பார்க்கவில்லை. ஒன்றிரண்டு சீட்டில் பின்னால் ஏதோ மை தெரிந்தது, கறை என்று நினைத்தேன்.

மின்னஞ்சலில் இருந்த தேதியை வைத்துத் தேடினோம். அந்தத் தேதியில் சிறகில்லாத பெண் ஒன்றே ஒன்று. சிறகுள்ளவை மூன்று. மூன்றும் என் அழகான அச்சுச் சீட்டோடு, பெரிதிலிருந்து சிறிதாக வரிசையில் நின்றன. அவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல ரெண்டு ஒரு டைப், ஒண்ணு வேற டைப் அங்கிள்" என்றாள். எது அந்தப் பெண் குளவியோடு இருந்தது என்று தெரிந்தால் ஒரு ஆணுக்கு முதன்முதலாக அடையாளம் கிடைக்கும், கண்டவர் என்று என் மனைவியின் பெயர் வரும். தெரியாவிட்டால் நான்கு பூச்சிகள், அவ்வளவுதான்.

ஆராய்ச்சிப் பெண் நம்பிக்கையை விடவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு காலை எடுத்து மரபணுச் சோதனைக்குக் கொண்டுபோனாள். உறவு இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். அடுத்த இரண்டு மாதத்தில் நாலைந்து தடவை வந்து மற்றப் பெட்டிகளைப் பட்டியல் எடுத்தாள். பெட்டிகளைத் தன் நிறுவனத்துக்கே கேட்டாள், சம்மதித்தேன். அவள் வரும் நாட்களுக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். முறுக்கு வாங்கி வைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தச் சோதனை முடிவு தாமதமாக வரட்டும் என்றுகூட நினைத்தேன்.

முடிவு வந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. பூச்சியைக் கொல்ல என் மனைவி பயன்படுத்திய திரவத்தில் மரபணு சிதைந்துபோயிருக்கலாமாம். அந்த வழி அடைத்தது.

பெட்டிகளை எடுத்துப் போக வண்டி வர வேண்டிய நாள் காலையில், அந்தப் பெண் எனக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டாள். "அங்கிள், ஆன்ட்டிக்கு அந்த வருஷம் முட்டி வலி இருந்துச்சுன்னு சொன்னீங்க. தனியா போயிருக்க மாட்டாங்கல்ல? நீங்க கூடப் போனீங்களா?"

"போனேன்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்போ நீங்க பாத்திருப்பீங்க. எது அந்த ஆண்னு காட்டினா போதும். ஒரு லைன் எழுதி, நீங்க கண்ணால பாத்ததுன்னு போட்டுடலாம். அது சாட்சிதான், செல்லும்."

பெட்டியை என் பக்கம் திருப்பினாள். மூன்று ஊசிகள். இரண்டு மாதமாக நானும் அவளுடைய பூதக்கண்ணாடியில் பார்த்திருந்தேன். நடுவில் நின்றதற்கு இடுப்பில் செம்பழுப்புப் பட்டை, அந்தப் பெண் குளவிக்கு இருப்பது போலவே. அதுதான் என்று விரலை நீட்டினால் முடிந்தது. என் மனைவியின் பெயர் புத்தகத்தில் ஏறும். நான் செய்த பாவம் கழுவப்படும். விரலைத் தூக்கக்கூடச் செய்தேன்.

அன்றைக்கு நடந்தது இது. அவளுக்கு நடக்க முடியவில்லை என்று வேண்டாவெறுப்பாகத் துணைக்குப் போயிருந்தேன். தண்ணீர் பாட்டிலோடு ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஓவர்கள். இருபதடி தள்ளிக் குந்தியிருந்தவள் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வாங்களேன். ரெண்டும் சேந்து இருக்கு." வாரேன் இரு என்றேன். பூச்சி கலைந்துவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தி இன்னொரு தடவை கூப்பிட்டாள். நான் தலை தூக்கவில்லை. பிறகு அவளே கண்ணாடிக் குப்பியைத் தூக்கிப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்தாள். வெயிலில் முகம் சிவந்து, இருபது வயதுப் பெண் மாதிரி இருந்தாள். குப்பிக்குள் அவை பிரிந்து, ஏற்கெனவே அவள் பிடித்துப் போட்டிருந்த மற்றவற்றோடு கலந்துவிட்டன.

"பாத்தீங்களா?"

"ம், பாத்தேன்."

"அங்கிருந்தே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"நல்லவேளை. நாளைக்கு யாராச்சும் கேட்டா நீங்க சாட்சி."

பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினாள். நானும் பார்த்தவன் போல் ஆமாம் போட்டேன். அவளுக்கு அத்தனை சந்தோஷம், அது நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்தது என்பதில். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

விரலை மடக்கிக்கொண்டேன். "நான் பாக்கலம்மா" என்றேன். பாறை, கிரிக்கெட், அவள் இரண்டு தடவை கூப்பிட்டது, நான் பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அந்தப் பெண், "ஓகே அங்கிள்" என்று மட்டும் சொன்னாள். பையிலிருந்து சின்னத் தாளும் பேனாவும் எடுத்தாள். இருக்கிற தகவலை எழுதி நான்கு பூச்சிக்கும் கீழே கோத்துவிட வேண்டும், எப்போதாவது யாராவது அதே ஜோடியை மறுபடி பிடித்தால் அப்போது உதவும் என்றாள். ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வாய்விட்டுத் தமிழில் சொன்னாள்.

"இந்த ஆண்களில் ஒன்று இந்தப் பெண்ணோடு சேர்ந்து பிடிபட்டதாகப் பிடித்தவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். மூலச் சீட்டு இல்லை. பிடித்தபோது கணவர் உடன் இருந்தார்."

"பாக்கலைன்னும் எழுதும்மா."

"அது வேணாம் அங்கிள். தேவையில்ல."

"உடன் இருந்தார்னு மட்டும் இருந்தா, படிக்கிறவன் நான் பாத்தேன்னு நினைச்சுப்பான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மிச்சமிருந்த இடத்தில் அதையும் எழுதினாள். மை காய்வதற்காக ஊதினாள். இன்னும் மூன்று சீட்டில் அதையே எழுதி, ஒவ்வொரு ஊசியையும் உருவி, என் அச்சுச் சீட்டுக்குக் கீழே கோத்தாள். என் மனைவிக்குக் கடைசிவரை தெரியாமல் இருந்தது, இப்போது அவள் பிடித்த பூச்சிகளுக்குக் கீழே எழுதியிருக்கிறது.